கதவோரத்து வெளிச்சத்தில் 22 முகங்கள்

முதல் நாள் எடுத்த 140 படங்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. மாலைநேரப் படிப்பகம் ஒன்றை நடத்திவரும் நண்பர்கள், அங்கு வந்து படிக்கும் பதின்பருவத்தினரைப் படம்பிடித்துத் தருமாறு கேட்டிருந்தார்கள். ஒற்றை அறை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பு அது. நான் அகன்ற காட்சியைப் பிடிக்கும் 24 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு உச்சிவெயில் நேரத்தில் சந்துகளுக்குள் நடந்தேன். விரிசல் விட்ட சுவர், கொடியில் காயும் துணி, தேங்கிய தண்ணீர், அவற்றுக்கு நடுவே ஒரு பையனோ பெண்ணோ என்ற கணக்கில் படங்கள் அமைந்தன. மறுவாரம் மடிக்கணினியில் அவற்றைக் காட்டியபோது, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "இதுல எங்க செவுருதான்க்கா இருக்கு. நான் ஓரமா நிக்கறேன்" என்றாள்.

அன்றிரவு அவள் சொன்ன கண்ணோடு எல்லாப் படங்களையும் மீண்டும் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் முகம் என்பது சட்டகத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உச்சிவெயிலில் புருவத்தின் நிழல் கண்குழிகளை மூடியிருந்தது. நான் நின்றபடியே எடுத்ததால், என்னைவிட உயரம் குறைந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்க்கும் முகம் எதையோ கேட்டு நிற்பது போலவே படத்தில் விழும். அவர்கள் யாரும் என்னிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. வறுமையைப் படமெடுப்பதற்கென்று நாம் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒரு கோணம் இருக்கிறது என்பதும், யோசிக்காமல் கேமராவைத் தூக்கினால் என் கையும் அந்தக் கோணத்துக்கே போய் நிற்கிறது என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் எல்லாக் கோப்புகளையும் அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிட்டு, எப்படி எடுத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். தாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். தம்பியோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்றான் ஒருவன். "பின்னாடி ஒண்ணுமே வேணாம்" என்று அந்தப் பெண்ணே மறுபடியும் சொன்னாள். அடுத்து வந்த பன்னிரண்டு வார வேலையின் திட்டம் இந்த மூன்று பதில்களிலிருந்தே உருவானது.

பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருக்க ஒரு திரை வேண்டும். ஸ்டுடியோக்களில் பயன்படும் காகிதச் சுருளை அந்த அறையில் விரிக்க இடமில்லை; நடமாட்டத்தில் அது ஒரே நாளில் கிழிந்தும் போகும். வீட்டிலிருந்த அடர்சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையை எடுத்துச் சென்றேன். இதில் எனக்குத் தைரியம் தந்தவர் மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டுடியோ தொடங்கிய புகைப்படக்காரர் செய்டூ கெய்ட்டா. அவருடைய முதல் பின்திரை அவருடைய படுக்கை விரிப்புதான். முற்றத்தில் அதைத் தொங்கவிட்டு, பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே படமெடுத்தார். கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் போன்ற பொருள்களை அங்கே வைத்திருந்தார். வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததோடு நின்றுகொள்வார்கள். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஒரு நகரத்தின் மக்கள், தாங்கள் எப்படித் தெரிய விரும்பினார்களோ அப்படியே அந்தப் படங்களில் நிற்கிறார்கள். ஒரு விரிப்பும் பகல் வெளிச்சமும் போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

போர்வையை ஒரு மூங்கில் கழியில் கோத்து, கழியை இரண்டு ஆணிகளில் கயிற்றால் கட்டினேன். மடிப்புக் கோடுகள் முதல் வாரம் தொல்லை கொடுத்தன. கீழ் விளிம்பிலும் ஒரு கழியைக் கோத்துப் பாரம் கொடுத்து, முந்தைய நாள் இரவே தொங்கவிட்டதில் பாதிக் கோடுகள் மறைந்தன. உட்காருபவரைத் திரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முன்னால் கொண்டுவந்தபோது மீதி, குவியத்துக்கு வெளியே போய்க் கரைந்தன. இன்னொரு சிக்கல் நான் எதிர்பாராதது. கரிய தலைமுடியும் அடர்சாம்பல் திரையும் ஒன்றோடொன்று கலந்து, தலையின் வடிவமே தெரியாமல் முகம் மட்டும் மிதப்பது போல வந்தது. கம்பளியை மாற்ற வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கழியின் ஒரு முனையை அவிழ்த்து, கதவின் வெளிச்சம் திரையின் மீதும் சாய்வாக விழும்படி கோணத்தைத் திருப்பினேன். சாம்பல் நிறம் ஒரு படி வெளுத்தது. முடியின் விளிம்பு, சடையின் பின்னல், காதோரத்தில் பிரிந்து நிற்கும் சிறு முடிகள் எல்லாம் தனித்துத் தெரிந்தன.

வெளிச்சத்துக்குக் கதவு. அறைக்கு இரண்டு சன்னல்கள் இருந்தன. இரண்டும் உயரத்தில் அமைந்த சிறிய சன்னல்கள் என்பதால், அவற்றின் ஒளி நெற்றியில் மட்டும் விழுந்து கன்னத்துக்குக் கீழே இருண்டது. கதவோ ஆள் உயரத்துக்கு மேல். பிற்பகலில் அதன் மீது நேர்வெயில் படாது. எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் வானத்தின் ஒளியும் கலந்து உள்ளே வந்தன. ஒளிமூலம் முகத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் நிழலின் விளிம்பு மென்மையாகும் என்பதை எல்லோரும் படித்திருப்போம். அதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது தூரம். கேமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 800, லென்ஸின் திறப்பான அபர்ச்சரை எஃப்/4 என்று நிறுத்திவைத்து அளந்தபோது, வாசற்படியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஷட்டர் வேகம் 1/250 வினாடி கிடைத்தது. மூன்று மீட்டர் தள்ளிப்போனால் 1/60, அதாவது வெளிச்சம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கதவுக்கு மிக அருகில் உட்காரவைத்தால், கதவுப் பக்கக் கன்னத்துக்கும் மறுபக்கக் கன்னத்துக்கும் இடையே வெளிச்சம் சட்டென்று இறங்கிவிடுகிறது. கொஞ்சம் உள்ளே நகர்த்தினால் அந்த இறக்கம் சாய்தளம் போல மெதுவாகிறது. ஒன்றரை மீட்டரில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மூன்று கால்களையும் சுற்றித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வரைந்துகொண்டேன். ஒவ்வொரு வாரமும் வட்டங்கள் அழிந்து போகும்; அளந்து மறுபடி வரைவேன்.

மூன்றாம் வாரம்வரை பலருடைய முகத்தில் நிழல் பக்கம் நீலம் பாரித்திருந்ததற்குக் காரணம் புரியவில்லை. வெளிச்சத்தின் நிறத்தை ஈடுசெய்யும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பை 5500 கெல்வினிலிருந்து மேலே ஏற்றினால் நிழல் சரியாகும், வெளிச்சப் பக்கம் மஞ்சளாகிவிடும். கடைசியில் பார்த்தால், அறைக்குள் கதவுக்கு எதிரே இருந்த சுவரில் அடித்திருந்த நீலச் சுண்ணாம்புதான் திரும்ப எதிரொளித்து நிழல் கன்னத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரை மறைக்க ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தியதும் நீலம் போய்விட்டது. தெர்மாகோல் முகத்திலிருந்து எழுபது சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தபோது நிழலுக்குள்ளும் தோலின் விவரம் தெரிந்தது. நாற்பதுக்கு நெருக்கியபோது முகம் தட்டையாகிப் பிறைவடிவ நிழலே காணாமல் போனது. அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டேன். அதன் பச்சை கலந்த நிறம் பகல் வெளிச்சத்தோடு ஒட்டாது. அதோடு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகை விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி எரிவதால், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழக்கூடும்.

இனி, இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கேமராவின் ஒளியளவி, தன் முன்னால் உள்ள காட்சி ஒட்டுமொத்தமாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்ற அனுமானத்தில் இயங்குகிறது. கரிய முகம் வெளிறிய சுவருக்கு முன்னால் நின்றால் அது சுவரை நம்பி ஒளியைக் குறைக்கிறது. முகம் இருளில் முழுகிவிடுகிறது. அதே முகம் இருண்ட திரைக்கு முன்னால் வந்தால் ஒளியைக் கூட்டி, தோலைச் சாம்பல் பூத்தது போல ஆக்குகிறது. இரண்டுமே அந்த ஆளின் நிறம் இல்லை. படச்சுருள் காலத்திலும் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிவந்த அளவுகோல் அட்டைகளில் நீண்ட காலம் வெள்ளைத்தோல் கொண்ட பெண்ணின் படமே இருந்தது. முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அவை 'ஷெர்லி அட்டை' என்றே அழைக்கப்பட்டன. அந்த முகம் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று கொள்ளப்பட்டது. வெவ்வேறு தோல்நிறம் கொண்ட மூன்று பெண்கள் ஒன்றாக இருக்கும் அட்டை 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது. தங்கள் முகம் படத்தில் சரியாக வராது என்று தலைமுறை தலைமுறையாக நம்பியவர்களின் குறை அவர்கள் முகத்தில் இருக்கவில்லை.

தானியங்கி அளவைக் கைவிட்டு, ஒவ்வொருவர் அமர்ந்ததும் முகத்தருகே அந்த நடுத்தரச் சாம்பல் நிறத்தில் உள்ள அட்டை ஒன்றைப் பிடித்து அளந்தேன். அட்டை கைவசம் இல்லாத நாளில் ஸ்பாட் மீட்டரிங் முறையில் கன்னத்தை மட்டும் அளந்து, கரிய தோலாக இருந்தால் கேமரா சொல்வதைவிட முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைத்து வைத்தேன்; ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் ஒளியைப் பாதியாக்குவது. அப்படி வைத்தால் கருமை கருமையாகவே நிற்கிறது. முகத்தைத் துலங்கவைப்பதற்கு ஒளியின் அளவைக் கூட்டத் தேவையில்லை. கதவு போன்ற பெரிய ஒளிமூலம் பக்கவாட்டில் இருந்தால், அதன் பிரதிபலிப்பு கன்னத்து எலும்பின் மீதும் மூக்குத்தண்டின் மீதும் கீழுதட்டின் மீதும் மெல்லிய பளபளப்பாகப் படிகிறது. கரிய தோலில் முகத்தின் வடிவத்தைச் செதுக்கிக் காட்டுவது அந்தப் பளபளப்புதான். முக்காலியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்தி, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பதிலேயே முதல் ஐந்து நிமிடங்கள் போய்விடும். வியர்வையைத் துடைக்கச் சொல்வதை இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டேன். துடைத்துவிட்டால் அந்த ஒளி செத்துவிடுகிறது.

லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் உணரி சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள முழுச்சட்டக உணரியின் கணக்கில் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் தலையும் தோளும் அடங்கும். அந்தத் தூரத்தில் மூக்கு பெருக்காது, காதுகள் பின்வாங்காது. முகத்தின் விகிதத்தைக் கெடுப்பது லென்ஸைவிட நெருக்கம்தான், கைபேசியைக் கை தூரத்தில் பிடித்து எடுத்த படங்களையே பார்த்துப் பழகியவர்கள், "என் மூக்கு இவ்ளோ சின்னதா?" என்று வியந்ததற்கு அதுவே காரணம். எஃப்/1.8 என்ற பெரிய திறப்பு வரை விரியும் லென்ஸ் அது. அந்தத் தூரத்தில் எஃப்/1.8இல் கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ.தான், முகத்தைச் சற்றுத் திருப்பினாலே ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் போய்விடும். எஃப்/4இல் அது 14 செ.மீ. அளவுக்கு விரிகிறது. கேமராவின் உயரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உட்காருபவரின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, பதிமூன்று வயதுக்காரர்களுக்கு முழங்காலிட்டேன். நின்று எடுத்துக்கொள்ள விரும்பியவர்களுக்குக் கேமராவை அவர்கள் கண்மட்டத்துக்கு இறக்கினேன். முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ள மடித்த சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து தந்தது ஒரு பையன்.

படமெடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் முழுவதும் ஒப்புதலுக்கே ஒதுக்கினோம். அந்த வாரம் வீணாகிறது என்று நண்பர்களில் ஒருவருக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர் முகாமில் டோரத்தியா லாங்கே எடுத்த தாயின் படம் உலகமெல்லாம் அறிந்தது. அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவென்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரியவந்தது. படமெடுத்தபோது யாரும் அவரிடம் பெயரைக் கேட்டிருக்கவில்லை. தன் முகம் ஊரெங்கும் புழங்கியும் தனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. நல்ல நோக்கத்தோடு, அரசின் உதவி அந்த மக்களைச் சென்றடைய வேண்டும் என்று எடுக்கப்பட்ட படத்துக்கே இந்த நிலை என்றால், என் நல்ல நோக்கத்தை மட்டும் நம்பி நான் கேமராவைத் தூக்கக் கூடாது.

ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கும் படிவத்தை நான் ஏற்கவில்லை. நான்கு கேள்விகளைத் தனித்தனியே எழுதினோம். உன்னைப் படமெடுக்கலாமா? படிப்பகச் சுவரில் மாட்டலாமா? படிப்பகத்துக்கு நிதி கேட்டு அனுப்பும் தாளில் போடலாமா? இணையத்தில் வெளியிடலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எந்த நாளிலும் பதிலை மாற்றிக்கொள்ளலாம் என்று கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், ஆனால் பெற்றோர் ஆம் என்று சொல்லிப் பிள்ளை இல்லை என்று சொன்னால் பிள்ளையின் சொல்லே முடிவு என்று வைத்துக்கொண்டோம். ஐ.நா. அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. 16ஆம் பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்களுக்கு நான்கு கேள்விகளையும் அவர்கள் பிள்ளைகளையே உரக்கப் படித்துக்காட்டச் சொன்னோம். இருபத்தாறு பேரில் நான்கு பேர் முதல் கேள்விக்கே இல்லை என்றார்கள். ஆம் என்ற 22 பேரில் 17 பேர் சுவருக்குச் சம்மதித்தார்கள். நிதித் தாளுக்குச் சம்மதித்தவர்கள் ஒன்பது பேர், இணையத்துக்கு ஐந்தே பேர். ஒரே படிவம் இருந்திருந்தால் 22 பேரும் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாகவே ஆகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ஒருவருக்கு அரைமணி நேரம் என்று பிரித்துக்கொண்டு, ஞாயிறு பிற்பகலில் மூன்று அல்லது நான்கு பேரை மட்டும் எடுத்தேன். முதல் இரண்டு வாரங்களில் பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அது தவறாகப் போயிற்று. தங்கள் முகத்தைப் பார்த்த மறுகணமே புன்னகையைத் திருத்துவது, தாடையை இறுக்குவது, முடியை இழுத்துவிடுவது என்று அவர்கள் தங்களுக்கே காவலாக மாறிவிட்டார்கள். அதற்குப் பதிலாகத் தொடக்கத்தில் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இறுதியில் எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்த்து, வேண்டாதவற்றை அவர்களே அழிப்பது என்று மாற்றினேன்.

பதினான்கு வயதுப் பையன் ஒருவனால் கேமரா முன்னால் மூச்சுவிட முடியவில்லை. தோள்கள் காதுவரை ஏறி நின்றன. நான் பேசப் பேச இன்னும் ஏறின. அப்போதுதான் பையிலிருந்த கம்பி இணைந்த ஷட்டர் பொத்தானின் நினைவு வந்தது. கேமராவை முக்காலித் தாங்கியில் பொருத்தி, குவியத்தை அவன் கண்ணில் நிறுத்திப் பூட்டிவிட்டு, பொத்தானை அவன் கையில் கொடுத்து, "உனக்கு எப்பத் தோணுதோ அப்ப அமுக்கு" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சொடுக்கு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பதினோரு படங்கள் எடுத்தான். ஏழாவது படத்தில் அவன் வலது கட்டைவிரல் பொத்தானின் மேல் வெளுத்து அழுந்தியிருப்பது சட்டகத்தின் கீழ் விளிம்பில் தெரிகிறது, தோள்கள் இறங்கியிருக்கின்றன, வாய் மூடியிருக்கிறது, கண்மணிகளில் கதவு இரண்டு வெள்ளை நீள்சதுரங்களாக நிற்கிறது, உற்றுப் பார்த்தால் அந்த நீள்சதுரத்தின் அடியில், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் நான் ஒரு கரும்புள்ளியாக இருக்கிறேன். அவன் தேர்ந்தெடுத்தது அந்தப் படத்தைத்தான். 1970களில் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் குழந்தைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்து அவர்கள் வாழ்க்கையை அவர்களையே படமெடுக்கவைத்த வெண்டி ஈவால்டின் வேலையைப் பற்றிப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும், அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் எடுத்துக்கொண்டது அந்தப் பையனின் தோள்களைப் பார்த்த பிறகுதான். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் கடைசிப் பத்து நிமிடங்கள் பொத்தான் அவர்கள் கையில்தான். இறுதியாகத் தேர்வான 22 படங்களில் 13 அப்படி எடுத்தவை.

தோலை வெளுக்கவைத்துத் தரும்படி கேட்டவர்கள் ஆறு பேர். கைபேசிச் செயலிகள் முகத்தைத் தானாகவே வெளுத்து வழவழப்பாக்கித் தருவதால், அதுவே தங்கள் முகம் என்று பழகிவிட்டிருந்தார்கள். நான் தோல்நிறத்தை மாற்றுவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். கேட்டவர்களைக் கதவுக்கு இன்னும் நெருக்கமாக உட்காரவைத்து, வெள்ளைத் துணியை மடியில் விரித்துத் தாடைக்கு அடியில் ஒளியை ஏற்றி, அந்த முகத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வெளிச்சத்தைத் தர முயன்றேன். ஐந்து பேர் பிரிண்டைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் அதைக் கைபேசியில் படமெடுத்து, தானே வெளுத்து, அதைத் தன் கணக்கின் முகப்பில் வைத்துக்கொண்டான். அது அவனுடைய படம். தன் படத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவனுடையது. அதைப் பார்த்த அன்று எனக்கு வலித்தது என்பதும் உண்மை. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பிரிண்ட் போடுவதில் ஒரு மாதம் போயிற்று. முதல் தொகுதியைக் கொடுத்த அச்சுக்கூடத்தில், இயந்திரத்தின் தானியங்கித் திருத்தம் ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் பார்த்து, இருண்ட படம் என்று முடிவுகட்டி வெளுத்துவிட்டது. கம்பளித் திரை புகை நிறமாகவும் முகங்கள் செங்கல் நிறமாகவும் வந்தன. பத்துப் பிரிண்டுகள் வீண். இரண்டாம் முறை, திருத்தம் எதுவும் இல்லாமல் கோப்பை உள்ளபடியே அச்சிட வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, ஒரே தாளில் ஒரே முகத்தை ஐந்து வெவ்வேறு அடர்த்தியில் வைத்துச் சோதனைப் பிரிண்ட் எடுத்தேன். அந்தத் தாளை அச்சுக்கூடத்தின் பளீர் விளக்கில் வைத்துத் தேர்ந்தெடுக்காமல், படிப்பகத்தில் குழல்விளக்கு மட்டும் எரியும் மாலை நேரத்தில் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். இந்தப் படங்கள் வாழப்போவது அத்தகைய வெளிச்சத்தில்தான். கணினித் திரையில் சரியாகத் தெரிந்ததைவிடச் சற்றே ஒளிகூடிய மூன்றாவது முகம் அங்கே சரியாக இருந்தது. 22 படங்களுக்கும் அதே அளவைக் கொடுத்தேன். பளபளப்புத் தாள் விளக்கொளியைத் திருப்பியடித்து முகத்தை மறைக்கும், விரல் தடமும் படியும் என்பதால் மேட் தாளில் போட்டேன். ஆளுக்கு இரண்டு பிரதிகள், 8-க்கு 12 அங்குலத்தில் ஒன்றும் கையடக்கமாக ஒன்றும். பெரியது வீட்டுக்கு என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் பலர் வீட்டில் அதை மாட்டுவதற்கு ஈரம் ஏறாத சுவர் இல்லை. முதல் நாள் சுவரைப் பற்றிச் சொன்ன பெண், பெரிய பிரதியைத் தன் மதிப்பெண் சான்றிதழ்கள் இருக்கும் பிளாஸ்டிக் கோப்பில் செருகி வைத்திருக்கிறாள். அடுத்த சுற்றில் கோப்பு அளவுக்குத்தான் போடப்போகிறேன்.

சுவரில் 17 படங்களை ஒரே வரிசையில், பார்ப்பவரின் கண்மட்டத்தில் மாட்டினோம். பெயரோ வயதோ கதையோ எதையும் அடியில் எழுதவில்லை. நிதித் தாளில் படங்களுக்குக் கீழே போட நண்பர்கள் எழுதியிருந்த ஒரு வரி, படத்தில் நிமிர்ந்து பார்ப்பவர்களை இரக்கத்துக்கு உரியவர்களாகக் காட்டியது. அந்த ஒன்பது பேரையும் உட்காரவைத்து வரியை வாசித்துக்காட்டினோம். எட்டு பேர் அந்த வரி வேண்டாம் என்றார்கள். அவர்களே சொன்ன சொற்களில், தாங்கள் என்ன படிக்கிறோம் என்பது மட்டும் அச்சாயிற்று. கோப்புகளை வெளியே அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றிலும் பதிந்திருந்த கூடுதல் தகவல்களை நீக்கினேன். கைபேசியில் எடுத்த படமாக இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். ஒரு படத்தில் பள்ளிச் சட்டையின் முத்திரை தெரிந்தது. அதை வெட்டியபோது தோளின் ஒரு பகுதியும் போனது. படத்தின் சமநிலை கெட்டாலும் அப்படியே வைத்தேன்.

நான்காம் மாதம், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்து தன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். காரணம் கேட்கவில்லை; அவள் சொல்லவும் இல்லை. என் பார்வையில் அந்த வரிசையிலேயே மிக நல்ல படம் அது. அன்றே இறக்கி அவள் கையில் கொடுத்தேன். கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் காப்புப் பிரதிகளையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அழித்தேன். மாட்டியிருந்த இடத்தில் ஆணி அப்படியே இருக்கிறது. வரிசையை நெருக்கி அந்த இடைவெளியை மூட வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண் பரிசோதகராக இருந்த மில்டன் ரோகோவின், 1972 முதல் தன் ஊரின் ஏழ்மையான பகுதி ஒன்றில் படமெடுத்து, அதே ஆட்களைத் தேடி அடுத்தடுத்த பத்தாண்டுகளில் திரும்பத் திரும்பப் போனார். எடுத்த படத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலையின் பகுதி. அந்த மாதிரியில்தான் ஆண்டுக்கு ஒருமுறை இதே கதவோரத்தில், இதே முக்காலியில் எடுப்பது என்று படிப்பகத்தாரோடு பேசி வைத்திருக்கிறோம். போர்வையின் மேல்விளிம்பு நைந்துவிட்டது. அதற்குத் துணிப்பட்டி வைத்துத் தைக்க வேண்டும். கதவுக்கு எதிர்வீட்டுச் சுவரை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று கேள்வி. அது நடந்தால் வெளிச்சத்தை முதலிலிருந்து அளக்க வேண்டும்.

இரண்டு பேருக்குப் பிரிண்ட் உடனே போய்ச் சேரவில்லை. அச்சிட்டு முடிப்பதற்குள் அவர்கள் குடும்பங்கள் வீடு மாறிப் போய்விட்டன. ஒருவனுடையதை அவன் சித்தி மகனிடம் கொடுத்தனுப்பி, கிடைத்துவிட்டது என்று மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது; அதன் பிறகே அவனைப் பட்டியலில் அடித்தேன். மற்றவளைப் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பேருந்து நிற்கும் இடத்தில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், இரண்டு முறை போய் நின்றும் பார்த்தேன். அவளுடைய இரண்டு பிரதிகளும் ஈரம் ஏறாத உறைக்குள், இரு அட்டைகளுக்கு நடுவில், என் கேமராப் பையின் முன்னறையில் இருக்கின்றன.